லேபிளில் இருந்த கூந்தல்

எனக்குத் தோள் வரைக்கும்தான் முடி. பியூட்டி பார்லரில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவளுக்கு இது ஒரு குறைதான். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் தலையைப் பார்ப்பார்கள். "உனுக்கே ஒண்ணியும் காணோம், நீ என் முடிக்கு இன்னா பண்ணிடப் போற" என்று நேராகவே கேட்டவர்கள் உண்டு. பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அவருடைய பல்லை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள் போலிருக்கிறது.

நான் வேலையை விட்டு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. என்னோடு வேலை பார்த்த ரேவதி இப்போது தண்டையார்பேட்டையில் சொந்தக் கடை வைத்திருக்கிறாள். ஏ.சி., பாட்டு, சுவரெல்லாம் கண்ணாடி. ஓட்டலில் இருப்பதுபோல் ஒரு அட்டையும் இருக்கிறது. அதில் முடிக்குச் செய்கிற சங்கதிகள் ஒரு பக்கத்துக்கு மேல் போகின்றன. போன மாதம் பார்க்கப் போனபோது ரேவதி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இடுப்புக்குக் கீழ முடி வச்சிக்கினு ஒரு பொண்ணு வந்துச்சு. எங்க பொண்ணுங்க பயந்துகினு மூலைல போய் நின்னுக்கினாங்க. மெஷினு போட்டாலும் ஒடையுது, சீப்பு போட்டாலும் ஒடையுது. நம்ம மேடம்கிட்ட இருந்தப்போ அவ்ளோ நீளத்த நாம எப்டிக்கா சமாளிச்சோம்?"

நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கேங்மேன். படிப்பு பத்தாவதோடு நின்றது. முதலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலை. அப்புறம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஸ்டெல்லா மேடத்தின் பார்லரில் தரை கூட்டப் போனேன். கூட்டினேன், துண்டு துவைத்தேன், கை கால் பிடித்துவிட்டேன், புருவம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். சான்றிதழ் கொடுக்கிற பள்ளிக்கூடங்கள் அப்போதும் இருந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு அவற்றின் போர்டைப் படிக்க மட்டும் வாய்த்தது.

பார்லர் மாடியில் இருந்தது. கீழே தர்மராஜ் அண்ணாச்சியின் மொத்த மளிகைக் கடை. கட்டடமும் அவருடையதே. எங்கள் படிக்கட்டுக்கு அடியில்தான் அவருடைய மிளகாய் மூட்டைகள். ஃபேஷியல் செய்துகொண்டு முகம் பளபளக்க இறங்குகிற பெண்கள் கடைசிப் படியில் தும்மிக்கொண்டு, மூக்கு சிவந்து, அழுத முகத்தோடு தெருவுக்குப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு மேலே என்னவோ கொடுமை நடக்கிறது என்று தோன்றும்.

ஸ்டெல்லா மேடம் ராயபுரத்துக்காரர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடுப்பில் சொருகிய கைக்குட்டை. குரலை உயர்த்த மாட்டார். ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் முடியின் நுனியை இரண்டு விரலில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு "ம்" என்பார். சின்ன "ம்" என்றால் ஒன்றுமில்லை. நீண்டால் நாங்கள் கத்தரியை எடுத்து வைத்துவிடுவோம். "அய்யோ, எம்மாம் நீளம்" என்று யாரும் வாயைப் பிளக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். "நீ வாயப் பொளந்தா அவ கழுத்து வெறச்சுக்கும். கழுத்து வெறச்சா சீப்பு சிக்கும்" என்பார்.

நான் முதன்முதலில் ஒரு நீள முடியைச் சீவியது நினைவிருக்கிறது. உச்சியில் சீப்பை வைத்துக் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போனதும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் தோள்வரை முடியைக் கையால் நன்றாகக் கலைத்துச் சிக்காக்கி, நான் சீவிய அதே மாதிரி ஒரு முறை சீவினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீப்பில் சுருண்டிருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "வலிச்சுதா? எனக்கு வலிக்கல" என்றார். பாடம் முடிந்தது.

அதன் பிறகு அவர் காட்டிய முறைதான் கடைசி வரைக்கும் என் கையில் இருந்தது. முதலில் விரல், பிறகு பல் அகன்ற மரச் சீப்பு. நுனிக்கு மேலே ஒரு சாண் விட்டு, முடியை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுப்பெல்லாம் நம் கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. பிடித்த இடத்துக்குக் கீழே உள்ள சிக்கை எடுத்த பிறகு இன்னொரு சாண் மேலே ஏறலாம். இப்படிக் கீழிருந்து மேலே. ஈர முடியில் சீப்பு படவே கூடாது. ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும். நீளுகிறது என்று நினைப்போம், அறுந்துவிடும். குளித்துவிட்டு வந்து துண்டால் பட்டுப் பட்டென்று அடித்து உலர்த்துகிறார்களே, மேடம் அதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். சிகைக்காயை வேர்க்காலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிகிற நுரையே கீழே உள்ளதைக் கழுவிவிடும். முடி முழுவதையும் உச்சியில் குவித்துத் துணி கசக்குவதுபோல் கசக்கக் கூடாது. பின்னலைத் தளர்வாகப் போட்டு, ரப்பர் பேண்டுக்குப் பதில் பழைய புடவைக் கிழிசலால் கட்ட வேண்டும். கட்டுகிற இடத்தை நாளுக்கு நாள் மாற்ற வேண்டும்.

"மேடம், நுனிக்கு மட்டும் இன்னாத்துக்கு இம்மாம் மரியாத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முழங்கால் வரைக்கும் முடி வச்சிருக்கிற பொண்ணுக்கு அந்த நுனி எப்ப மொளச்சது தெரியுமா? அவ எட்டாங்கிளாஸ் படிக்கும்போது. எட்டாங்கிளாஸ்ல கட்டின பாவாடைய இன்னும் எடுத்து வச்சிருந்தா நீ எப்படித் தொவைப்பே? அப்படித் தொடு."

இதையெல்லாம் நாங்கள் கஷ்டப்பட்டுச் செய்து அனுப்புவோம். வீட்டுக்குப் போனதும் ஊர் வைத்தியம் ஆரம்பிக்கும். முட்டை தடவி அதை வெந்நீரில் கழுவப் போய், தலையிலேயே ஆம்லெட் போட்டுக்கொண்டு வந்தவர் ஒருவர். சாம்பார் வெங்காயச் சாறு தேய்த்து வந்த டீச்சரம்மா ஒருவர். கீழே மிளகாய், மேலே வெங்காயம். பருப்பு மட்டும்தான் பாக்கி. மனைவியின் முடியைப் பற்றி யோசனை சொல்ல வருகிற கணவர்களோ தனி ரகம். தங்கள் தலையில் ஒன்றுமில்லாதவர்கள்தான் அதிக யோசனை சொல்வார்கள்.

இனி புஷ்பம் விஷயம்.

அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து மளிகையில் நன்றாகக் கால் ஊன்றியவர். பருப்பும் புளியும் அலுத்துப்போய் ஒரு கூந்தல் தைலம் தயாரிக்கத் தொடங்கினார். கொல்லைப்புறத்தில் அண்டா வைத்துக் காய்ச்சுவார்கள். அவர் முதலில் முடிவு செய்தது லேபிளைத்தான். அதில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், கூந்தல் முழங்காலுக்குக் கீழே தொங்க வேண்டும். லேபிள் முடிவான பிறகுதான் மகன் முத்துக்குமாருக்குப் பெண் தேடினார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைத் திரும்பி நிற்கச் சொன்ன குடும்பம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அப்படி வந்தவள் புஷ்பம். கல்யாணமான அடுத்த மாதமே போட்டோ எடுத்து லேபிள் அச்சாகிவிட்டது. சில மாதங்கள் கழித்து அண்ணாச்சியே அவளைப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக எங்களிடம் கூட்டிவந்தார். தலை முழுக்க முந்தானை.

மேடம் முந்தானையை எடுத்துப் பின்னலை அவிழ்த்தார். நான் அப்படி ஒரு முடியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாற்காலிக்குப் பின்னால் தரையில் சுருண்டு விழுந்தது. ஆனால் நடு முதுகுக்குக் கீழே துடைப்பம். பாதி முடி அங்கங்கே அறுந்து, வெவ்வேறு நீளத்தில் சிலுப்பிக்கொண்டு நின்றது. தொட்டால் பிசின்போல ஒட்டியது. பொடிப்பொடியாகச் சிவப்பாக வேறு ஏதோ தெரிந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினேன். மிளகாய்த் தூள். அந்தத் தைலத்தின் பிசுக்கில் கீழே கிடங்கில் பறக்கிறதெல்லாம் வந்து குடியேறியிருந்தது.

மேடம் ஒரு கற்றையை ஜன்னலில் பிடித்தார். அன்றைக்கு வந்த "ம்" பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடர்ந்தது.

"பொருட்காட்சி வருது, பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி. "ஸ்டால் எடுத்திருக்கேன். அதுக்குள்ள இதச் சரி பண்ணிரணும்."

"எண்ணெய நிறுத்தணும்" என்றார் மேடம். "இந்தப் பிசுக்கப் போக்குறதுக்குத் தேய்க்கிற தேய்ப்புலதான் முடி அறுது. அறுந்த எடத்துக்கு மேல வெட்டிடறதும் நல்லது."

"வெட்டவா? நல்லாருக்கே. எண்ணெயையும் நிறுத்த முடியாதும்மா. லேபிள்ல என்ன போட்டிருக்கோம்? 'இக்கூந்தல் எமது தைலத்தால் பேணப்படுவது.' இவ தேய்க்கலேன்னா அது பொய்யாயிரும்லா? நான் ஏவாரத்துல பொய் சொல்லுதவன் கிடையாது."

"போட்டோ எடுத்தப்ப இவ இந்தத் தைலத்தத் தேய்ச்சிருந்தாளா?"

அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "அன்னைக்கு இல்ல. அதனாலதான் மறுநாளே தேய்க்க ஆரம்பிச்சாச்சு. பொய்ய உண்மையாக்கியாச்சுல்லா."

இப்படி ஒரு நேர்மையை நான் என் வாழ்நாளில் சந்தித்ததில்லை. பொய் சொல்கிற வியாபாரியாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் முடி பிழைத்திருக்கும்.

மேடம் வெடுக்கென்று பதில் சொல்லக்கூடியவர்தான். ஆனால் நாங்கள் நின்றுகொண்டிருந்த தரை அண்ணாச்சியுடையது. திருவொற்றியூரில் அந்தச் சாலையில் இன்னொரு இடம் கிடைப்பது சுலபமில்லை. வாரத்தில் இரண்டு நாள் என்னைப் புஷ்பத்தின் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி முடித்துக்கொண்டார். அண்ணாச்சி இறங்கிப் போனதும் என்னிடம், "அறுந்தத ஒட்ட முடியாது. இனிமே அறாமப் பாத்துக்க" என்றார்.

வீடு கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. முதல் நாளே தண்ணீரில் சண்டை வந்தது. அந்த வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. வாளியில் பிடித்து வைத்தால் மேலே பழுப்பாக ஏடு கட்டும். அதில் அலசினால் எந்த முடியும் நாராகத்தான் போகும். கடைசி அலசலுக்காவது லாரித் தண்ணீர் ஒரு வாளி வேண்டும் என்றேன்.

புஷ்பத்தின் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "குடிக்கிற தண்ணியவா தலைக்கு ஊத்துவாவ? நல்லாத்தான் சொல்லித் தந்திருக்கா ஒங்க மேடம்."

"அப்போ அரிசி கழுவுற தண்ணியக் குடும்மா. அத எப்டியும் கீழதான ஊத்துவ?"

அதற்கு ஒப்புக்கொண்டார். அப்புறம் அவரே சமையலறையிலிருந்து எடுத்துவந்து கொடுப்பார், ஏதோ வெண்ணெயைத் தானம் செய்வதுபோல. விழுகிற முடியை மட்டும் ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு பையில் சேர்த்தார். மருமகள் மேல் அவ்வளவு பாசமா என்று நினைத்தேன். தெருவில் சவுரிக்கு முடி வாங்கப் பாத்திரக்காரன் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. மருமகளின் தலையிலிருந்து கொட்டியதற்கு ஒரு எவர்சில்வர் சட்டி வந்தது. அதே சட்டியில் எனக்கு உப்புமா போட்டுக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

அந்த வீட்டில் மூன்று பொருள்கள் பேசாது: பீரோ, சாமி படம், முத்துக்குமார். நான் போகிற நேரத்தில் அவன் சாப்பிட வருவான். மனைவியின் முடியை நான் அறையில் விரித்துப் போட்டிருப்பேன். அதை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து போவான். ஒரு நாளும் மிதித்ததில்லை. அதை அவனுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்.

புஷ்பம் முதலில் என்னிடம் பேசவே இல்லை. ஒருநாள் பின்னிக்கொண்டிருந்தபோது, "ஒனக்கு இன்னாம்மா வேணும்? எல்லாரும் ஒன் முடியப் பத்தியே பேசிக்கினு கீறாங்க, உன்ன யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"மல்லாக்கப் படுக்கணும்க்கா" என்றாள். "கொண்ட உறுத்துதுன்னு ஒருச்சாச்சே படுத்துப் படுத்து இந்தக் காது மரத்துப்போச்சு. தலைக்கு ஊத்துனா ராத்திரி வரைக்கும் காயாது. ஈரத்தோட பின்னிப் பூ வச்சிருவாவ. கழுத்து வலின்னு சொன்னா, 'இவ்வளவு முடி இருக்கே, வலிக்கத்தான செய்யும்'னு பெருமையாச் சொல்லுதாவ."

"ஊர்ல இன்னா தேய்ப்ப?"

"தேங்காண்ணெதான். எங்க கெணத்துத் தண்ணி. அம்மா வாரத்துக்கு ஒருக்கா சீவி விடுவா. மத்தபடி யாரு தொட்டா?"

அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அண்ணாச்சியின் உண்மை காப்பாற்றப்பட வேண்டும், முடியும் காப்பாற்றப்பட வேண்டும். காலையில் காதுக்குப் பின்னால் தைலத்தில் ஒரு சொட்டு. தேய்த்தாயா என்று கேட்டால் தேய்த்தேன் என்று சொல்லலாம். உண்மைக்கு ஒரு சொட்டு போதும். மற்ற இடமெல்லாம் நான் பையில் கொண்டுபோன தேங்காய் எண்ணெய். பிசுக்கு போயிற்று. புதிதாக அறுவது குறைந்தது. அண்ணாச்சி மருமகளின் பின்னலைத் தூரத்திலிருந்து பார்த்து, "தைலம் இப்பத்தான் வேலையக் காட்டுது" என்றாராம்.

பொருட்காட்சி ராயபுரத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. தோசைக்கல், துடைப்பம், பிளாஸ்டிக் குடம் இவற்றுக்கு நடுவில் அண்ணாச்சியின் ஸ்டால். உயரமான ஸ்டூலில் புஷ்பத்தை, முகம் துணித்தட்டியைப் பார்க்க, முதுகு ஜனங்களைப் பார்க்க உட்காரவைத்தார். முடி அவிழ்ந்து ஸ்டூலின் கால் வரை தொங்கியது. அறுந்து சிலுப்பிய முடிகளை உள்ளே ஒளித்து மேலே நல்ல முடியைப் படியவைத்தது நான்தான். மேடம் என்னைக் காவலுக்கு அனுப்பியிருந்தார்.

அண்ணாச்சி மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். நம் ஊர்ப் பெண்கள் மைக்கை நம்புகிறவர்கள் இல்லை, கையை நம்புகிறவர்கள். ஒவ்வொருத்தியும் கிட்டே வந்து முடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். சவுரியா, சொந்தமா என்று தெரிய வேண்டுமே. நான் குறுக்கே கையை நீட்டி நின்றேன். "இன்னாம்மா, மாட்டு வாலா அது? ஆளு கீது உள்ள" என்று கத்திப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் புஷ்பத்தின் தலை பின்னால் போய் வந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்து, "இழுத்துப் பாருங்க, தாராளமா இழுத்துப் பாருங்க, கலப்படமில்ல" என்று மைக்கில் சொல்லத் தொடங்கினார்.

அந்த மைக்கைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்க வேண்டும்போல் இருந்தது. மேடத்தின் கடையை நினைத்து நின்றேன்.

சாயங்காலம் நல்ல கூட்டம். மீன் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்த ஒரு அம்மாள், கூடை தூக்கிப் பழகிய கை, ஒரு கற்றையை விரலில் சுற்றி இழுத்தார். நடுவில் அறுந்து கையோடு வந்துவிட்டது. ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். அந்த அம்மாளே பயந்துபோய் அதை உதறினார். பக்கத்தில் நின்றவள் அதைப் பிடித்து உயர்த்தினாள்.

"டூப்பு. சவுரி வச்சி ஏமாத்துறான் பாரு."

கூட்டம் இறுகியது. யாரோ ஒரு பாட்டிலை எடுத்துத் தரையில் போட்டார்கள். "சொந்த முடிதாம்மா, கடவுள் சத்தியமா" என்று அண்ணாச்சி மைக்கில் கெஞ்சினார். அப்போது புஷ்பம் ஸ்டூலிலிருந்து இறங்கித் திரும்பினாள். அவ்வளவு நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு முகம் தெரிந்ததும் கொஞ்சம் பின்வாங்கினார்கள். அழுத முகம் இல்லை. கன்னத்தில் துணித்தட்டியின் வரி பதிந்திருந்தது.

மாமனாரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். சாட்சி சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

"சவுரி இல்ல. என் முடிதான்" என்றாள். "எங்க ஊருக் கெணத்துத் தண்ணியில, தேங்காண்ணெ தேச்சு வளந்தது. இந்தத் தைலம் கல்யாணத்துக்கு அப்புறந்தான் தேய்க்கேன். அதுலருந்துதான் கையோட வருது."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டாள். மீன்கார அம்மாள்தான் முதலில் பேசினார். "ஏம்மே, வலிச்சிச்சா?" என்று கேட்டு அவள் தலையைத் தடவினார். அந்தப் பொருட்காட்சியில் அவளிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஸ்டாலைச் சாத்தும்போது அண்ணாச்சி குரல் உடைந்து கேட்டார். "ஏளா, நாலு பேரு முன்னால இப்படியா பேசுவ?"

"ஏவாரத்துல பொய் சொல்லப்படாதுன்னு நீங்கதான மாமா சொல்லுவிய."

அவர் மைக்கின் ஒயரைச் சுற்றத் தொடங்கினார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்த நியாயம் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில், புஷ்பம் பார்லருக்கு வந்தாள். கூட முத்துக்குமார். இந்தத் தடவை பின்பக்கப் படிக்கட்டில்லை. அப்பாவின் கல்லாவைத் தாண்டி, மிளகாய் மூட்டைகளைத் தாண்டி, முன்பக்கமாகவே அவளை அழைத்து வந்தான். மேலே வந்ததும், "இவளுக்கு முடி வெட்டணும்" என்றான். அவன் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. கட்டைக் குரல்.

"யார் முடிவு?" என்று மேடம் கேட்டார். அவனைப் பார்த்துக் கேட்கவில்லை, அவளைப் பார்த்து.

"என் முடிவுதான் மேடம்" என்றாள் புஷ்பம்.

"வெள்ளிக்கெழமை வெட்டக் கூடாதும்பாங்களே?"

"வெள்ளிக்கெழமதான் தைலம் தேய்க்கணும்னும் சொன்னாவ."

மேடம் முடி நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நுனியிலிருந்து சாண் சாணாகச் சிக்கெடுத்து, தளர்வாகப் பின்னி, அறுந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கட்டு, நுனியில் ஒரு கட்டு போட்டார். என்னைப் பின்னலைத் தாங்கிக்கொள்ளச் சொன்னார். வெட்டும்போது அதன் கனம் தலையை இழுக்கக் கூடாதாம். ஒரே வெட்டில் போகவில்லை. அவ்வளவு தடிமன். கத்தரி நறநறவென்று கடித்துக்கொண்டு போயிற்று. பின்னல் என் கையில் விழுந்தபோது அதன் கனத்தில் என் கை இறங்கியது. இதைத்தான் ஒரு பெண் இத்தனை காலம் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தாளா என்று நினைத்தேன்.

அழுவாள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். தலையில் சுமந்த குடத்தை இறக்கி வைத்தவள்போல ஒரு மூச்சு விட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். மிச்சம் இருந்த முடி முதுகின் பாதி வரை, ஒரே சீராக நின்றது.

அதற்குள் அண்ணாச்சி மூச்சிரைக்க மேலே ஏறி வந்துவிட்டார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், கடைசியில் என் கையைப் பார்த்தார்.

"அதக் குடுங்க" என்றார். "அது எங்க குடும்பத்துச் சொத்து. கண்ணாடிப் பெட்டியில போட்டுக் கடையில வப்பேன். டூப்புன்னு சொன்னவனெல்லாம் வந்து பாக்கட்டும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் புஷ்பத்தைப் பார்த்தார்.

புஷ்பம் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குடுத்துருங்கக்கா" என்றாள். "தைலத்த இனி அதுலயே தேச்சுக்கிடச் சொல்லுங்க."

அண்ணாச்சி பின்னலைத் தினத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் பார்லரைக் காலி செய்யச் சொன்னார். மேடம் எதிர்பார்த்திருந்தார். ராயபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே, இதில் பாதி இடத்தில் மறுபடி ஆரம்பித்தோம். மழை வந்தால் ஒழுகும். ஆனால் படியிறங்குகிறவர்கள் தும்மவில்லை. புஷ்பம் சில மாதங்களுக்கு ஒரு முறை நுனி வெட்டிக்கொள்ள அங்கேயும் வந்தாள், தனியாக, பஸ் ஏறி. வெட்டிய முடி அறாமல் சீராக வளர்ந்தது. இடுப்பைத் தொட்டதும், "போதும்க்கா, எடுத்திருங்க" என்பாள்.

தைலம் அந்த வருஷத்தோடு நின்றது. விற்காத பாட்டில்கள் வேறு வழியில் தீர்ந்தன. நெட்டுக்குப்பத்துப் பக்கம் யாரோ, லேபிளில் முடி முழங்கால் வரை வருவதைப் பார்த்து, இது முழங்கால் வலிக்கான தைலம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல குணம் தெரிந்ததாம். அண்ணாச்சி அவர்களுடைய எண்ணத்தைத் திருத்தவில்லை என்று கேள்விப்பட்டேன். நேர்மைக்கும் ஒரு ஓய்வு வேண்டாமா?

பல வருஷம் கழித்து ஒரு வேலையாகத் திருவொற்றியூர் போனவள் பருப்பு வாங்க அந்தக் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் புஷ்பம். ஒரு கையால் போன், ஒரு கையால் ரசீது, வாயால் லாரிக்காரனோடு சண்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி தளர்ந்துபோய் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் அந்தப் பின்னல். கருகருவென்று, மேடம் போட்ட இரண்டு கட்டும் அப்படியே.

"பாத்தியாம்மா" என்றார் அண்ணாச்சி என்னிடம். "இத்தன வருசத்துல ஒத்த முடி அறுந்திருக்கா? வெள்ளிக்கெழம தவறாம, நான் வீட்டுக்குப் போன பொறவு மருமவ தொறந்து மிச்சம் வச்ச தைலத்தத் தேய்க்கா. நம்ம தைலத்தோட மகிமை."

நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் என் துவரம்பருப்புப் பொட்டலத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பெட்டிச் சாவியக் கடல்ல போட்டு வருசமாச்சுக்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.